கட்டமாகும் எழுத்து: உலாவியில் தமிழ் வந்த வழி

லினக்ஸ் கணினியில் புதிதாக ஒரு பணிமேசைச் சூழலை நிறுவியவர் மறுநாள் உலாவியைத் திறந்து திகைப்பது இன்றும் நடக்கிறது. நேற்றுவரை கண்ணுக்கு இதமாக இருந்த தமிழ்ப் பக்கம் இன்று மெலிந்தோ தடித்தோ தெரிகிறது. சில வேளை எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே நிற்கின்றன. பக்கம் மாறவில்லை, உலாவியும் மாறவில்லை. மாறியது பணிமேசை மட்டுமே. பணிமேசைக்கும் எழுத்துக்கும் என்ன உறவு? கேள்வி சிறியதுதான். விடையோ ஓலைச்சுவடியின் புள்ளியில்லா எழுத்துவரை நம்மை இழுத்துச் செல்கிறது. தொழில்நுட்பர்கள் இதனைத் தீர்வுக்குறிப்பாக எழுதி முடித்துவிடுவார்கள். இலக்கியம் பயில்வோர் இதனை எழுத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திரையில் தமிழ் கெடுவதில் மூன்று நோய்கள் உண்டு. ஒன்று, கட்டம். அந்த எழுத்தை வரையத் தெரிந்த எழுத்துரு ஒன்றுகூடக் கணினியில் இல்லை என்பது அதன் பொருள். இரண்டாவது, சிதைவு. கொம்பு தன் மெய்யைவிட்டு விலகிப் புள்ளியால் ஆன வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘கொ’ என்பது மூன்று துண்டாகக் கிடக்கும். எழுத்துரு இருக்கிறது, ஆனால் அதனைக் கோக்கும் நிரல் வேலை செய்யவில்லை என்று அறிய வேண்டும். மூன்றாவது, பிதற்றல். தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். இங்கே எழுத்துரு, நிரல் இரண்டிலும் பழுதில்லை. எண்ணை எழுத்தாகப் படிக்கும் முறையே பிசகியிருக்கிறது. ஒருங்குறித் தமிழைத் தவறாகப் படித்தால், சாய்கோடு சுமந்த சிறிய உரோமன் ‘ஏ’ ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றக் காணலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று எண்ணுண்மிகளாகப் பதிவாகிறது. அவற்றுள் முதலாவது எல்லா எழுத்துக்கும் ஒன்றே. அந்தப் பொது முதல்தான் இப்படி முகம் காட்டுகிறது.

இந்த மூன்றையும் பிரித்தறியாமல் மருந்து தேடுவோர் எழுத்துருக்களை மேலும் மேலும் இறக்கிக் குவிப்பார்கள். சிதைவுக்கும் பிதற்றலுக்கும் எழுத்துரு மருந்தாவதில்லை.

எழுதியது ஒன்று, கண்ணில் படுவது வேறொன்று என்னும் நிலை தமிழுக்குப் புதிதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றும் குறில் எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. ஆயினும் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். ரகரமும் கால் குறியும் ஒன்றுபோலவே கிடந்தன. நெடிலா குறிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே பொருள் நோக்கித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு தந்து எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணால் பிரித்தறிய வழிசெய்தார். ஏட்டுக்கும் அச்சுக்கும் இடையில் நின்று பதிப்பித்தவர்கள் செய்த பணியில் ஒரு பகுதி, இன்று நாம் குறியேற்ற மாற்றம் என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஒரு வேறுபாடு உண்டு. மனிதன் பொருள் நோக்கிப் படிப்பான். உலாவி அவ்வாறு படிக்காது.

தட்டச்சுப்பொறியின் காலம் இக்கதையில் நாம் வழக்கமாகக் கருதுவதைவிட முக்கியமானது. பொறியில் ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பையும் அடுத்துக் ககரத்தையும் பின்பு காலையும் அடித்தாக வேண்டும். காகிதத்தில் இடமிருந்து வலமாக என்ன விழுகிறதோ அதுவே அடிக்கும் வரிசை. வாயால் ஒலிக்கும்போது ககரம் முந்தும், ஒகரம் பிந்தும். கையால் அடிக்கும்போது ஒகரத்தின் ஒரு துண்டு முந்திவிடும். இந்த முரண் விரல்களில் ஊறிவிட்டது. கணினிக்கு முதல் தமிழ் எழுத்துருக்கள் செய்யப்பட்டபோது அவையும் இந்தக் கண்வரிசையையே எடுத்துக்கொண்டன. பின்னாளைய சிக்கல்களில் பாதிக்கு வேர் இங்கே இருக்கிறது.

கனடாவில் கி. சீனிவாசன் 1984-இல் ஆக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராயிருந்த கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய மயிலை, ஈழத்தவரிடையே பெருவழக்காயிருந்த பாமினி என்று பல முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்களே இதில் முன்னின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அஞ்சலுக்கும் உரையாடலுக்கும் அவர்களுக்குத் தமிழ் தேவைப்பட்டது. பத்திரிகை வாங்கக் கடைத்தெரு அருகில் இல்லை.

இவ்வெழுத்துருக்களில் பல ஒரு தந்திரத்தால் இயங்கின. கணினி அறிந்தது உரோமன் எழுத்தையும் அதன் ஐரோப்பிய உறவினரையும். அவற்றின் இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்துவிட்டால், கணினி தான் உரோமன் எழுத்தைக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு தமிழைக் காட்டும். கணினியை ஏமாற்றித் தமிழ் பேசவைத்த காலம் அது. உலாவியில் படிக்க வேண்டுமானால் முதலில் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். பின்பு உலாவியின் குறியேற்றப் பட்டியலில் ‘பயனர் வரையறுத்தது’ என்பதைத் தேர்ந்து அதற்குரிய எழுத்துருவாக அதனை அமைக்க வேண்டும். அந்நாளைய இணைய இதழ்களின் முகப்பில் ‘இத்தளத்தைப் படிக்க இந்த எழுத்துரு தேவை’ என்னும் அறிவிப்பு இருக்கும். வேறு இதழுக்குப் போனால் வேறு எழுத்துரு. ஒருவர் தம் கணினியில் பத்துப் பதினைந்து தமிழ் எழுத்துருக்களை வைத்திருந்தது ஆசையினால் அன்று.

இதில் அழகைவிடப் பெரிய ஒன்று பணயமாக இருந்தது. உரையும் உருவும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு கதை தட்டச்சாகியிருப்பது கதையாக அன்று; குறிப்பிட்ட ஓர் எழுத்துருவுக்கான எண்கோவையாக. அந்த எழுத்துரு தொலைந்தால் கதையும் தொலைந்தது. கல்லூரித் துறைகளில் அக்காலத்தில் தட்டச்சுச் செய்து வட்டில் வைத்த ஆய்வேடுகளை இன்று திறந்து பார்த்தால் இது விளங்கும். அச்சிட்ட படி நூலகத்தில் இருந்தால் பிழைத்தோம். அச்சுப்படி கரையான் வாய்ப்பட்டு, வட்டு மட்டும் மிஞ்சியிருந்தால், எந்த எழுத்துரு என்று ஊகித்து ஊகித்தே படிக்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் ‘முனைவர் பட்டத்திற்காக’ என்ற தொடர் இருந்தே தீரும் என்பதை வைத்து எழுத்துக்கணக்கை அவிழ்த்த மாணவர்களை நான் அறிவேன். கல்வெட்டு வாசிப்புக்கு அவர்களை அனுப்பலாம்.

சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இதில் முன்னோடி. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் ஏறியது. அவருடைய கணியன் முறை அதற்கு உதவியது. 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடும் 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவதும் கூடின. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. கோவிந்தசாமி அவ்வாண்டிலேயே மறைந்தார். மறுபுறம் மின்னஞ்சல் குழுவில் விவாதித்து விவாதித்தே உருவாக்கப்பட்ட திஸ்கி என்னும் குறியேற்றம் தன்னார்வலர்களிடையே பரவியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் அம்முறையில் கிடைத்தன. பின்னர் அவை ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன.

திஸ்கியில் ஒரு சிறு வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. இகரத்துக்கு அதில் முதலில் தந்த இடம் 173. ஐரோப்பியக் குறியேற்றத்தில் அந்த இடம் ‘மென் இணைப்புக்கோடு’ என்பதற்கு உரியது. சொல் வரிக்கடையில் உடைய நேர்ந்தால் மட்டுமே தோன்ற வேண்டிய கோடு அது. மற்ற வேளைகளில் உலாவி அதனை மறைத்துவிடும். ஆகவே சில உலாவிகளில் இகரம் கண்ணுக்குப் படாமல் மறைந்தது. ‘இல்லை’ என்று எழுதினால் ‘ல்லை’ என்று தெரியும். பிற்பதிப்பில் இகரத்துக்கு 254-ஆம் இடத்தையும் தந்து இதனைத் தீர்த்தார்கள். தமிழ் எழுத்தொன்று பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களை உடைக்கும் விதியால் காணாமற்போனது என்பதை மொழி வரலாறு எழுதுவோர் ஓரடிக்குறிப்பாகவேனும் சேர்க்கலாம்.

எழுத்துருவை வாசகர் நிறுவ வேண்டிய தொல்லையைப் போக்க ‘இயங்கு எழுத்துரு’ வந்தது. பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பிவிடுவது அதன் உத்தி. மைக்ரோசாஃப்ட் உலாவி 1997-இன் நான்காம் பதிப்பிலேயே ஒரு முறையை வைத்திருந்தது. நெட்ஸ்கேப் தன் நான்காம் பதிப்பில் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வேறொரு முறையை ஏற்றிருந்தது. ஒன்று மற்றொன்றுக்குப் புரியாது. இரண்டுக்குமாக இரண்டு கோப்புகளைச் செய்து வைத்த இதழாசிரியர்கள் இருந்தார்கள். நெட்ஸ்கேப் 2000-இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டபோது அம்முறையைக் கைவிட்டது. பக்கங்கள் மீண்டும் பிதற்றத் தொடங்கின. பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் எண்ணம் அதற்குப்பின் 2009-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 வந்தபோதுதான் அவ்வழி உலாவிக்குத் திரும்பியது. அதற்கான பொது வடிவம் 2012 டிசம்பரில் உலக வலையமைப்பின் பரிந்துரையாயிற்று.

இவற்றுக்கிடையே ஒருங்குறி வந்தது. அதன் முதற்பதிப்பு 1991-இலேயே தமிழைக் கொண்டிருந்தது; இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அகரமேறிய மெய் ஒரு குறி, உயிர்க்குறி ஒரு குறி, புள்ளி ஒரு குறி. ஆகவே ‘க்’ என்பது இரண்டு குறிகளால் ஆனது. மெய்யே அடிப்படை, அதில் உயிரேறி உயிர்மெய் பிறக்கிறது என்று இலக்கணம் கற்றவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த மனக்குறை நெடுநாள் நீடித்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் முறையையும் தரமாக அறிவித்தது அதனால்தான். டேஸ்16 கோட்பாட்டளவில் அழகியது. ஆனால் அது ஒருங்குறியின் ‘தனிப்பயன்’ பகுதியில் குடியிருப்பதால், அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் கட்டமாகிவிடும். விட்டுவந்த ஊருக்கே திரும்பிய கதை. இலக்கணத்துக்கு ஒத்ததா என்பதைவிட எல்லாரும் படிக்க இயலுமா என்பதே குறியேற்றத்தில் முதன்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

ஒருங்குறி செய்த மாபெரும் மாற்றம் வரிசையில் இருக்கிறது. ‘கொ’ என்பதை அது ககரம், பின்பு ஒகரக் குறி என்று ஒலிவரிசையில் சேமிக்கிறது. தட்டச்சுப்பொறியின் கண்வரிசை அத்தோடு கைவிடப்பட்டது. உரை உருவிலிருந்து விடுபட்டது. ஆயின் கொம்பை இடப்பக்கம் கொண்டுசெல்லும் வேலை இப்போது யார் தலையில்? எழுதுபவர் செய்வதில்லை, சேமிப்பில் அது இல்லை. திரையில் காட்டும் கணத்தில் ஒரு நிரல் அதனைச் செய்தாக வேண்டும். எழுத்துருவுக்குள் இருக்கும் அட்டவணைகளைப் படித்து, குறிகளை இடம்மாற்றி, ‘க்ஷ’ போன்ற கூட்டுகளை ஒன்றாக்கி வரையும் இந்நிரலைக் கோப்புப்பொறி எனலாம். சிதைவு என்னும் இரண்டாம் நோய் பிறந்தது இக்கட்டத்தில்தான். எட்டுத்துண்மி எழுத்துருக்களின் காலத்தில் பிதற்றல் இருந்தது. கொம்பு விலகும் நோய் இல்லை.

விண்டோஸில் இதற்கு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு லதா என்னும் எழுத்துருவோடு வழி திறந்தது. எக்ஸ்பி பதிப்பிலோ வட்டார அமைப்புகளில் ‘சிக்கலான எழுத்து முறை’களுக்கான ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால்தான் தமிழ் ஒழுங்காக வரும். குறியிட மூல வட்டு வேண்டும். நம் எழுத்து முறை சிக்கலானது என்ற பெயரை அந்தக் கட்டம் நமக்கு அளித்தது. உரோமன் எழுத்தை இயல்பெனக் கொண்டவர்கள் வைத்த பெயர் அது. பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் கொம்பு சிக்கலாயிருந்ததில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் மூன்றாம் பதிப்புக்கு முன்னர் வேறொரு விந்தை. பக்கத்தின் இருபுற ஓரங்களையும் சமமாக்கி அமைத்த பத்திகளில் மட்டும் தமிழ் உடையும். வரியை நிரப்ப உலாவி இடைவெளிகளைப் பங்கிடும்போது எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடும். கோப்புப்பொறியின் உழைப்பு வீணாகும். இடப்பக்க ஓரம் மட்டும் நேராக உள்ள பத்தி ஒழுங்காகத் தெரியும். அச்சிதழ்போல இருபுறமும் நேராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் பக்கமே படிக்க முடியாமற் போயிற்று. 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வரைகலை அடித்தளத்தை மாற்றியபோது இது தீர்ந்தது.

இனி லினக்ஸ். நம் கேள்வி பிறந்த இடம் அது.

1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த எக்ஸ் சாளர முறையில் எழுத்துரு என்பது வழங்கியின் பொறுப்பு. இணைப்புக்கோடுகளால் பிரித்த பதினான்கு கூறுகள் கொண்ட நெடும்பெயரால் அதனை அழைக்க வேண்டும். அவற்றுள் கடைசி இரண்டும் குறியேற்றத்தைச் சொல்லும். அந்த முறைக்குள் தமிழைப் புகுத்த, எழுத்துருவை ஐரோப்பியக் குறியேற்றத்தது என்று பொய்ப்பெயரிட்டு அடைவுப் பட்டியலில் எழுதினார்கள். விண்டோஸில் செய்த அதே ஏமாற்றுதான்.

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்னும் ஜெர்மானிய மாணவர் கேடிஈ பணிமேசைத் திட்டத்தை அறிவித்தார். அது சார்ந்திருந்த க்யூட்டி நூலகத்தின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரம் உடையதன்று என்பதால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். உரிமத்தால் நேர்ந்த இந்தப் பிரிவு எழுத்தையும் பிரித்தது. க்னோம் பக்கத்தில் பாங்கோ என்னும் கோப்புநூலகம் வளர்ந்தது. அனைத்தும் என்னும் கிரேக்கச் சொல்லையும் மொழி என்னும் ஜப்பானியச் சொல்லையும் ஒட்டி அப்பெயர் அமைந்தது. கேடிஈ பக்கத்தில் க்யூட்டி தன்னுடைய கோப்புப்பொறியைத் தானே செய்துகொண்டது. மொசில்லா உலாவியோ இரண்டையும் சாராமல் தன்வழியே வரைந்தது. ஆகவே ஒரே கணினியில், ஒரே எழுத்துருவில், ஒரே பக்கம் கேடிஈயின் கான்கரர் உலாவியில் ஒருவிதமாகவும் மொசில்லாவில் வேறுவிதமாகவும் தெரிந்தது. சில வழங்கல்கள் பாங்கோவை மொசில்லாவில் இணைத்துத் தந்தன. அப்போது தமிழ் சரியாகும், உலாவி மெதுவாகும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தனியே பிரித்தவர் கீத் பாக்கார்ட். எக்ஸ் வழங்கியின் பிடியிலிருந்து எழுத்துருவை விடுவித்து, முனைகளை மென்மையாக்கி வரையும் முறையையும் ஃபான்ட்கான்ஃபிக் என்னும் தேர்வு நூலகத்தையும் 2000-களின் தொடக்கத்தில் அவர் தந்தார். இரண்டு பணிமேசைகளும் உலாவிகளும் இந்த ஒரு நூலகத்தையே கேட்கத் தொடங்கின. 2004-இல் ரெட்ஹேட் நிறுவனம் லோஹித் எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டபோது, தமிழுக்கு எல்லா வழங்கல்களும் சேர்த்துக்கொள்ளத்தக்க ஓர் எழுத்துரு கிடைத்தது. கோப்புப்பொறிகளின் பிரிவு பின்னர் தீர்ந்தது. எழுத்து என்றும் திறந்த என்றும் பொருள்படும் இரு பாரசீகச் சொற்களால் பெயர்பெற்ற ஹார்ஃப்பஸ் என்னும் பொறியை பெஹ்தாத் எஸ்ஃபபோத் புதிதாக எழுதினார். இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், க்னோம், கேடிஈ அனைத்தும் அதனையே நம்பியிருக்கின்றன. ஆண்ட்ராய்டுக் கைப்பேசியில் நாம் படிக்கும் தமிழையும் கோப்பது அதுவே.

கோக்கும் பொறி ஒன்றாகியும் பணிமேசை மாறினால் எழுத்து ஏன் மாறுகிறது? தேர்வில் இருக்கிறது விடை. பெரும்பாலான பக்கங்கள் ‘இந்த எழுத்துரு’ என்று கேட்பதில்லை. முனைக்கோடு இல்லாத ஏதோ ஒன்று என்று பொதுப்பெயரால் கேட்கின்றன. அந்தப் பொதுப்பெயருக்கு எந்த எழுத்துரு என்பதை ஃபான்ட்கான்ஃபிக் விதிக்கோப்புகள் சொல்கின்றன. ஈரிலக்க எண்ணோடு தொடங்கும் பெயர்களுடன் அவை ஓர் அடைவில் அடுக்கப்பட்டிருக்கும், எண்வரிசையில் படிக்கப்படும். புதிய பணிமேசையை நிறுவும்போது அது தன் விருப்பமான எழுத்துருக்களையும், சில வேளை விதிக்கோப்புகளையும் உடன் கொண்டுவருகிறது. பன்மொழி எழுத்துரு ஒன்று வந்து, தமிழும் தன்னிடம் உண்டு என்று முன்வரிசையில் நின்றால், நேற்று லோஹித்துக்குப் போன வேலை இன்று அதற்குப் போகும். எழுத்துருவொன்று தமிழுக்கு உரியதா என்பதையும் அந்நூலகமே ஓர் எழுத்துப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துத் தீர்மானிக்கிறது. பட்டியலிலுள்ள எழுத்து குறையுமாயின் அது தமிழ் எழுத்துருவாகக் கருதப்படாது.

இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தின் முனையை எவ்வளவு மென்மையாக்குவது, திரையில் ஓரங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று கொள்வது என்பவற்றை க்னோம் ஒரு பின்னணி நிரலால் உலாவிக்கு அறிவித்துவந்தது. கேடிஈ அவற்றைப் பயனரின் அமைப்புக் கோப்பிலேயே எழுதிவைக்கும். எளிய பணிமேசைக்கு மாறியவரின் கணினியில் அறிவிப்பவர் யாருமில்லாமற் போகலாம். உலாவி தன் இயல்பு அளவுக்குத் திரும்பும். எழுத்து கரடுமுரடாவது அதனால். எதிர்மாறாக, கேடிஈயைப் பார்க்க நிறுவிவிட்டு மீண்டும் க்னோமுக்குத் திரும்பியவரிடம் கேடிஈ எழுதிவைத்த கோப்பு தங்கிவிடும். வந்துபோன விருந்தாளி சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டுப் போனதுபோல.

எங்கள் துறையின் பழைய கணினியில் மாணவர் ஒருவர் எக்ஸ்எஃப்சிஈ சூழலை நிறுவியபோது இதனை நேரில் பார்த்தோம். சங்க இலக்கியப் பக்கமொன்றில் புள்ளிகள் மங்கி, மெய்க்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடு தெரியாமல் கண் தடுமாறியது. ஏட்டுச்சுவடியே திரும்பிவிட்டது என்று ஒருவர் சிரித்தார். மாணவர் பதறாமல் வரிசையாகச் செய்தார். முதலில் ஃபான்ட்கான்ஃபிக்கின் பொருத்தக் கட்டளையைத் தந்து, தமிழுக்கான முனைக்கோடற்ற பொதுப்பெயருக்கு எந்த எழுத்துரு வருகிறது என்று கேட்டார். எதிர்பாராத ஒரு பெயர் வந்தது. அடுத்து, தமிழ் தெரிந்த எழுத்துருக்கள் எவை என்று பட்டியல் கேட்டார். லோஹித்தும் நோட்டோவும் அதில் இருந்தன. ஆகவே இல்லாமை நோயன்று, தேர்வுப் பிசகு. பயனரின் அமைப்பு அடைவில் சிறு விதிக்கோப்பு எழுதி, மொழி தமிழாயின் நோட்டோவை முன்வை என்று கூறினார். தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பித்து உலாவியை மூடித் திறந்தார். முனை மென்மையைப் புதிய சூழலின் தோற்ற அமைப்பில் சரிசெய்தார். அரைமணி நேரம் ஆகவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் எழுத்துரு அமைப்பின் உள்ளே தமிழுக்கெனத் தனித் தேர்வு இருப்பதையும் அன்று பலர் முதன்முதலாகக் கண்டார்கள். ஆனால் பக்கம் தன் மொழி தமிழ் என்று அறிவித்திருந்தால்தான் அது ஒழுங்காகப் பயன்படும். நம் வலைப்பக்கங்களில் எத்தனை, மேலே ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டுக் கீழே தமிழ் எழுதுகின்றன என்பதைத் தளம் நடத்துவோர் ஒருமுறை பார்க்கலாம்.

அண்மைக் காலத்தில் உலாவியைப் பெட்டிக்குள் அடைத்து வழங்கும் முறை வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் அவ்வாறே வழங்கப்பட்டது. பாதுகாப்புக்கு நல்லது. ஆயின் பெட்டிக்குள் இருக்கும் உலாவி வெளியே நாம் எழுதிய விதியையோ எழுத்துருவையோ சில வேளை காணாது. எல்லா நிரலிலும் தமிழ் சரி, உலாவியில் மட்டும் கட்டம் என்றால் முதலில் இதனை ஐயுறலாம்.

விண்டோஸிலும் தேர்வுப் பிசகு உண்டு. லதா என்று பெயர்சொல்லி அமைத்த பழைய பக்கங்கள் ஏராளம். 2012-இல் விண்டோஸ் 8 நிர்மலா என்னும் பன்மொழி எழுத்துருவைக் கொண்டுவந்தது. 2015-இன் விண்டோஸ் 10-இல் லதா விருப்பத் தேர்வாக ஒதுக்கப்பட்டது. அப்பக்கங்கள் இப்போது பெயர் ஒன்றும் முகம் ஒன்றுமாகத் தெரிகின்றன. படிக்க இயல்கிறது, அது போதும். உரையை உருவிலிருந்து பிரித்ததன் பயன் இது. அதே ஆண்டுகளில் தனி எழுத்துருவில் அமைத்து மாற்றப்படாமல் விடப்பட்ட பக்கங்களுக்கு இந்தப் பேறு இல்லை.

ஆயினும் உரையும் முற்றிலும் பிழையற்றதன்று. ‘ஸ்ரீ’ என்பதைப் பாருங்கள். 2005-இல் ஒருங்குறி 4.1 பதிப்பு ‘ஶ’ என்னும் எழுத்தைச் சேர்த்தது. அதற்கு முன்னர் ஸகரத்தைக் கொண்டே இவ்வெழுத்து ஆக்கப்பட்டது. பின்னர் ஶகரத்தைக் கொண்டு ஆக்குவதே முறை என்றாயிற்று. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒன்றுபோலவே வரைகின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. திருவரங்கம் பற்றிய கட்டுரைகளைத் தேடும் ஒருவர் ஒருவகையில் தட்டினால் மற்றவகையில் எழுதியவை அகப்படாமற் போகலாம். அகராதியும் சொல்லடைவும் தொகுப்போர் இதனைக் கவனித்தாக வேண்டும்.

2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12.0 தமிழுக்கு ஒரு துணைப்பகுதியை அளித்தது. 51 குறிகள்: முந்திரி, காணி, மா முதலிய பின்னங்கள், நெல்லளவுக் குறிகள், பழைய கணக்கேடுகளில் வரும் சுருக்கங்கள். கல்வெட்டையும் கோயில் கணக்கையும் உள்ளபடி தட்டச்சுச் செய்ய இப்போது தடையில்லை. அப்பகுதிக்கென்றே நோட்டோவில் தனி எழுத்துரு இருக்கிறது; வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை இல்லை. எங்கள் மாணவர்கள் ஒரு நிலக்கணக்கைத் தட்டச்சுச் செய்து அனுப்பியபோது என் திரையில் ஊர்ப்பெயர் வந்தது, நிலத்துக்குரியவர் பெயர் வந்தது, அளவு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கட்டங்கள் வந்தன. அந்த எழுத்துருவை இறக்கி வைத்த பிறகுதான் நிலம் எவ்வளவு என்று தெரிந்தது.